கதவு நிற்கும் இடம்

பாண் ஓட்டோ எடுக்க
மூன்று மணிக்கே போக வேண்டும் தவராசனுக்கு.
அறைக்கும் குசினிக்கும் நடுக்கதவைத் திறந்தால்
லயத்தின் கடைசிக் காம்பரா வரை செய்தி போய்விடும்.
மதுஷிகா எழும்புவாள்.
அவள் பின்னால் நாய்,
நாயின் பின்னால் மேட்டுவீட்டு ரெஜினாவின் இருமல்.

முதலில் தேங்காயெண்ணெய்தான் விட்டேன்.
மார்கழிக் கொட்டகலையில் அது என்ன செய்யும்?
விடியும்போது பிணைச்சலின் மேல்
வெள்ளையாய் உறைந்து உட்கார்ந்திருந்தது.
கதவு முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கத்தியது.

ஞாயிற்றுக்கிழமை. தையல்கடை பூட்டு.
மெசினுக்கு விடும் எண்ணெயை
மூக்கு நீண்ட குப்பியோடு கொண்டுவந்திருந்தேன்,
ஜெஸீமா தாத்தாவிடம் சொல்லிவிட்டுத்தான்.

கதவுக்கு அடியில் பழைய பாடப்புத்தகம் இரண்டை அண்டை கொடுத்து
ஊசியின் அடியில் ஆணியை வைத்து
அம்மிக் குழவியால் ஒரு தட்டு.
கீழ்ப் பிணைச்சல் உடனே விட்டது.
நடுவது யோசித்தது.
மேலது, மண்ணெண்ணெய் குடித்து அரைமணி கழித்து,
கடைவாய்ப் பல்போல வந்தது.

மூன்று ஊசியையும் டின்பால் பேணியில் ஊறப்போட்டேன்.
மண்ணெண்ணெய் சாயத் தண்ணியின் நிறமானது.
தேய்ந்த பிரஷ் ஒன்று,
போன தேர்தலில் கிடைத்த டீசேட்டின் ஒரு கை.
துடைக்கத் துடைக்கக் கறுப்பு,
கறுப்புக்குக் கீழே பச்சை பெயின்ட், அதற்குக் கீழே நீலம்,
அதற்கும் கீழே, எங்களுக்கு முன் யார் இருந்தார்களோ
அவர்களுடைய மஞ்சள்.

அப்போதுதான் பார்த்தேன்.
மேல் ஊசி சுற்றிவரத் தேயவில்லை.
ஒரு பக்கம் மட்டும்
ஆடு நக்கிய உப்புக்கட்டி மாதிரிக் குழிந்திருந்தது.
வளையமும் அதே பக்கம் மெலிந்து
விரலை வைத்தால் அறுக்கும்.
ஓடையைப் பார்த்த பக்கம்.

ஓட்டை பெருத்த இடத்தில்
நெருப்புக்குச்சி மூன்றை ஒடித்து இறுக்கித்
திருகாணியை மறுபடி பூட்டினேன்.
வளையத்துக்கு ஒரு துளி, அவ்வளவுதான்.
கூடினால் தூசு பிடிக்கும், மெசினிடம் படித்தது.
நாலு தரம் திறந்து மூடினேன்.
சத்தமே இல்லாமல்
இந்த வீட்டில் முதன்முதலாக ஒன்று நடந்தது.

கையை எடுத்தேன்.
கதவு தானாக நகர்ந்தது.
அந்தப் பக்கம் யாரோ மரியாதையாய்த் திறப்பதுபோல
ஓடைப்பக்கம் போய், பாதியில் நின்றது.
சாத்தினேன். போனது.
அதே இடத்தில் நின்றது.

காத்து, என்றான் தவராசன்.
யன்னல் சாத்தியிருந்தது.

துரு பிடித்த கதவென்று
எட்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம்.
துருதான் பிடித்து வைத்திருந்திருக்கிறது.

போன ஐப்பசியில் கொழும்பிலிருந்து வந்தவர்கள்
பின்சுவர் விரிசலின் குறுக்கே
கண்ணாடித் துண்டொன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள்.
உடைந்தால் பேசுங்கள் என்று ஒரு நம்பர்.
உடையவில்லை. தினமும் பார்க்கிறேன்.
அதை நம்பித்தான் மழையில் தூங்கினோம்.

கதவு நிற்கும் இடத்தில்
தரையில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துத்
திகதி எழுதினேன்.
தைப்பூசம் வரை கதவு கோட்டைத் தாண்டவில்லை.
பங்குனியிலும் இல்லை.
நானும் கொஞ்சம் மறந்துபோனேன், உண்மையில்.

வைகாசி மழை ஒன்பது நாள்.
இரண்டாவது கோடு இரண்டு விரல் தள்ளி.
நம்பருக்கு எடுத்தேன். கண்ணாடி உடைந்ததா என்றார்கள்.
இல்லை, கதவு என்றேன்.
கதவா, என்றார்கள்.

இப்போது அவன் மூன்று மணிக்குப் போவது
யாருக்கும் கேட்பதில்லை.
பிள்ளை எழும்புவதில்லை, நாயும் இல்லை.
நான்தான் எழும்புகிறேன்.
டோர்ச்சைத் தரையில் அடித்துப் பார்த்துவிட்டு
மறுபடி படுக்கிறேன்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைகள், மதுஷிகாவின் கிளினிக் கொப்பி
எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு
கதவுக்கு இந்தப் பக்கம்,
ரோட்டுப் பக்கம்,
ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.